கழனியில் கொட்டைக்கரந்தை: இன்னும் யார் ஊரில் இருக்கிறது?

ஏரிக்கரை மாறன் (திமிரி பக்கம்)

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, அதாவது பழைய வடாற்காட்டுக்காரர்கள் எல்லோருக்குமான கேள்வி. சம்பா அறுத்த கழனியில் தை, மாசியில் தரையோடு படர்ந்து ஊதா உருண்டைகளாகப் பூக்குமே கொட்டைக்கரந்தை, அது இப்போது உங்கள் ஊரில் இருக்கிறதா?

எங்கள் ஏரிப் பாசனத்தில் மதகை ஒட்டிய பள்ளக் கழனிகளில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மேட்டுக் கழனிகளில் சுத்தமாக இல்லை. எருக்கு, ஆவாரை, தும்பை எல்லாம் கழனியில் இடம் போனாலும் சாலையோரத்தில் பிழைத்துக்கொள்கின்றன. இது அப்படி எங்கேயும் போய் ஒட்டிக்கொள்ளவில்லை. நெல் விளையும் நிலம், இல்லையென்றால் ஏரி உள்வாய் (தண்ணீர் நிற்கும் உள்பகுதி), இரண்டைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பார்த்தவர்கள் எந்த மாதம், எந்த மாதிரி நிலம், சம்பாவுக்குப் பிறகு அங்கே என்ன பயிர் என்று சேர்த்துச் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. "எங்கள் தாத்தா காலத்தில் நிறைய இருந்தது" என்பது மட்டும் போதாது. தாத்தாக்கள் காலத்தில் எல்லாமே நிறையத்தான் இருந்திருக்கிறது.

கொல்லைமேடு குமார் (அணைக்கட்டு)

களையைக் காணோம் என்று தேடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். எங்களுக்கு அது போனதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இங்கே பாதி மல்லாட்டை (வேர்க்கடலை), பாதி கத்திரி. நெல் கிணற்றடியில் மட்டும். கரந்தை இருந்ததாக அப்பா சொல்வார், நான் கவனித்ததில்லை.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள், கோரையும் பார்த்தீனியமும் கூட ஒருநாள் காணாமல் போனால் அதற்கும் இழை திறப்பீர்களா?

ஏரிக்கரை மாறன்

பார்த்தீனியம் போனால் இழை திறக்க மாட்டேன், பொங்கல் வைப்பேன். அது வெளியூர்ச் செடி, வந்த இடத்தில் மற்றதை அமுக்குகிறது. கரந்தை நம் நெல் நிலத்தோடு பழகியது. இரண்டையும் "களை" என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

இலைநரம்பு (காட்பாடி)

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். படங்கள் வரும் முன் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கரந்தை என்ற பெயரில் நாலைந்து செடி சுற்றுகிறது.

நாம் பேசுவது ஸ்பெராந்தஸ் இண்டிகஸ். சூரியகாந்திக் குடும்பம். ஒரு சாணுக்குச் சற்று மேலே வளரும், அதற்குள் நாலா பக்கமும் கிளை பரப்பிவிடும். தண்டைத் தடவினால் இரண்டு பக்கமும் இறக்கை போல மெல்லிய விளிம்பு ஓடும், அதில் பல் பல்லாக இருக்கும். செடி முழுவதும் பிசுபிசுப்பான சுணை. கிள்ளினால் கை நாள் முழுக்க மணக்கும். அந்த ஊதா உருண்டை ஒரு பூ இல்லை. மிகச் சிறிய பூங்கொத்துகள் ஏராளமாக ஒரே உருண்டையில் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன.

விஷ்ணுகரந்தை முற்றிலும் வேறு. மானாவாரி மேட்டு நிலத்தில் தரையோடு கிடக்கும், பொட்டு மாதிரி நீலப் பூ. அதன் சொந்தக்காரர்கள் சர்க்கரைவள்ளியும் வள்ளைக் கீரையும். சிவகரந்தை இதே ஸ்பெராந்தஸ் இனம்தான், ஆனால் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தென்மாவட்டத்து நெல் வயல்களிலிருந்து வருகிறது. இங்கே பார்த்ததாக யாராவது சொன்னால் படம் இல்லாமல் நம்ப மாட்டேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடலாம். உலக அளவில் இது அழிந்துவரும் பட்டியலில் உள்ள செடி இல்லை. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா தாண்டி ஆஸ்திரேலியாவின் வடக்கு வரை பரவியிருக்கிறது. அதனால் "அழியும் நிலையில் அபூர்வ மலர்" என்று தலைப்புப் போட்டு வாட்ஸாப்பில் சுற்ற விடாதீர்கள். ஒரு வட்டாரத்தில் அற்றுப்போவது தனிக் கணக்கு. உலகத்தில் நிறைய இருக்கிறது என்பதால் கலவை ஏரிக்குக் கீழே திரும்பி வந்துவிடாது.

அது ஏன் திரும்பி வராது என்பதற்கு விதையே காரணம் சொல்லும். இந்தக் குடும்பத்தில் பல செடிகளின் விதைக்குப் பஞ்சுக்குடை உண்டு, எருக்கம் பஞ்சு போல காற்றில் போகும். கரந்தை விதைக்கு அந்தக் குடை கிடையாது. வாய்க்கால் தண்ணீரோடும், மாட்டுக் குளம்பில் ஒட்டிய சேற்றோடும் போனால்தான் உண்டு. வாய்க்காலைத் தூர்த்து, மாட்டையும் விற்றுவிட்டால், பக்கத்து ஊரில் ஆயிரம் செடி இருந்தும் பயனில்லை.

மடைத்தலைப்பு (கலவை)

மாறன் தம்பி, நான் எழுபதைத் தாண்டியவன். பேத்தி தட்டச்சு செய்கிறாள், பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

சம்பாவுக்குப் பிறகு என்ன பயிர் என்று கேட்டீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. நம் பக்கம் நெல்லுக்கு மூன்று பட்டம். சித்திரையில் ஆரம்பிக்கும் சொர்ணவாரி, ஆடியில் நாற்றுவிடும் சம்பா, மார்கழி தையில் நடும் நவரை. பெயர் மூன்று இருந்தாலும் ஏரித் தண்ணீரை மட்டும் நம்பியவனுக்கு மூன்றும் கிடைத்ததில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து கோடி போனால் சம்பா நிச்சயம். தையில் ஏரியில் தண்ணீர் மிச்சம் இருந்தால் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி கணக்குப் பார்த்து மதகடிக் கழனிகளுக்கு மட்டும் நவரைக்குத் திறப்பார். மற்ற கழனி எல்லாம் ஆடி வரைக்கும் தரிசாகவே கிடக்கும்.

கரந்தையின் வாழ்க்கை முழுவதும் அந்தத் தரிசு நாளில்தான். கதிர் முற்றும்போது தண்ணீரை வடிப்போம், அந்த ஈரத்தில் முளைக்கும். நெல் நிற்கும் வரை தாளுக்கு அடியில் சின்னதாக இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. அறுத்து வெயில் பட்டதும் விரியும். மாசியில் பூ. பங்குனி சித்திரையில் உருண்டை காய்ந்து பழுப்பாகி உதிரும். ஆடியில் ஏர் பூட்டும்போது விதை எல்லாம் மண்ணுக்குள். அது எங்கள் வேலைக்கு இடைஞ்சல் செய்ததில்லை, நாங்களும் அதைத் தொட்டதில்லை. மாடு கூட அந்த வாசனைக்கு அவ்வளவாக வாய் வைக்காது. பக்கத்துப் புல்லை மேய்ந்துவிட்டு இதை விட்டுப் போகும்.

போர்வெல் போட்ட பிறகு தரிசு என்பதே இல்லாமல் போனது. சம்பா அறுத்த பத்தாம் நாள் நவரைக்குச் சேறு அடிக்கிறார்கள். பூக்க வேண்டிய நேரத்தில் அது சேற்றுக்குள் போகிறது. இரண்டு மூன்று வருஷம் இப்படி விதை விழாமல் போனால் அப்புறம் எங்கிருந்து முளைக்கும்?

ஏரிக்கரை மாறன்

ஐயா, இதைத்தான் நான் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மதகடிக் கழனிகளுக்குத்தான் அந்தக் காலத்திலும் நவரை உண்டு என்கிறீர்கள். ஆனால் இன்று எங்கள் ஊரில் மிச்சம் இருப்பதே மதகடியில்தான். அது எப்படி?

மடைத்தலைப்பு

மதகு ஒழுகுகிறதா உங்கள் ஊரில்? ஒழுகினால் அந்தப் பள்ளத்தில் வண்டி இறங்காது, உளையில் மாட்டிக்கொள்ளும். ரோட்டவேட்டர்காரன் அந்த மூலையை விட்டுவிட்டுப் போவான். அங்கே இருக்கும். போய்ப் பாருங்கள்.

ஏரிக்கரை மாறன்

ஒழுகுகிறது ஐயா. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. இப்போது அந்த மதகைச் சரிசெய்யச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பாலாற்று மணல் (ஆம்பூர்)

நவரை, ரோட்டவேட்டர் என்று சுற்றுகிறீர்கள். தோல் கழிவை மறந்துவிட்டுப் பேசினால் எப்படி? வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை நிலத்தடி நீர் என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய விவகாரம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேடு இன்னும் மழைக்கு மஞ்சளாகக் கரைகிறது. தென்னையே காய்க்காத மண்ணில் கரந்தை எங்கே பூக்கும்?

இலைநரம்பு

ஆற்றோரத்துக்கு நீங்கள் சொல்வது சரி. உப்பும் குரோமியமும் ஏறிய நிலத்தில் நெல்லே போய்விட்டது, நெல்லை ஒட்டி வாழ்ந்ததும் போயிருக்கும். ஆனால் கலவை, சேத்துப்பட்டு, வந்தவாசி பக்கம் தோல் தொழிற்சாலை ஏது? அங்கேயும் குறைந்திருக்கிறது என்றால் இன்னொரு காரணமும் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். எல்லாப் பழியையும் ஆற்றில் கொட்டிவிட்டால் மற்றவர்கள் தப்பிவிடுவார்கள்.

பாலாற்று மணல்

தப்பவிட வேண்டாம். ஆனால் எங்கள் பக்கத்துக் கணக்கைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வாலாஜா சுமதி

என் அம்மா களை எடுக்கும் செட்டில் இருந்தவர். பள்ளி லீவில் நானும் போயிருக்கிறேன். குமார் அண்ணன் களை என்று சொன்னதால் எழுதுகிறேன். நட்ட இருபதாம் நாள் வாக்கில் முதல் களை, நாற்பதை ஒட்டி இரண்டாம் களை. அப்போது கையில் வருவது கோரை, குதிரைவாலிப் புல், ஆரைக்கீரை. கரந்தை அந்த நேரத்தில் கண்ணில் படாது. பெரியவர் சொன்ன மாதிரி அது கடைசியில் வருவது. பயிரோடு போட்டி போட்டு உரம் தின்கிற களை இல்லை அது. அறுப்பு அறுக்கும்போது காலில் உராயும், அரிவாளில் அந்த வாசம் ஏறும், அவ்வளவுதான்.

இப்போது களை எடுக்க ஆள் இல்லை என்று மருந்து அடிக்கிறார்கள். ஆள் இல்லை என்று சொல்கிறவர்கள் பெண்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கொல்லைமேடு குமார்

சுமதி, கூலிக் கணக்கு பேச ஆரம்பித்தால் இழை வேறு பக்கம் போகும். நெல்லுக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று நானும் கேட்பேன். ஆனால் பயிரோடு போட்டி போடாது என்றது எனக்குப் புதுசு, ஏற்றுக்கொள்கிறேன்.

மருந்து விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். நட்ட மூன்று, ஐந்து நாளில் ப்ரெட்டிலாகுளோர் என்ற களைமருந்து போடுவது தையில் முளைக்கும் செடியை என்ன செய்யும்? அதற்குள் அதன் வீரியம் போய்விடாதா?

இலைநரம்பு

நல்ல கேள்வி. ப்ரெட்டிலாகுளோர் முளைக்கும் விதையைத் தடுக்கிற மருந்து, சில வாரங்களில் அதன் பிடி தளர்ந்துவிடும். கரந்தைக்கு அது முதல் எதிரி இல்லை. பின்னால் அடிக்கும் டூ ஃபோர் டி அகன்ற இலைச் செடியைத் தேடிக் கொல்கிற மருந்து, தாமதமாக அடித்தால் கரந்தை நாற்றும் போகும். எனக்குப் பெரிய கவலை வரப்பில் அடிக்கும் கிளைபோசேட். கழனியை உழுதாலும் வரப்போரத்தில் நாலு செடி தப்பி விதை கொட்டும், அடுத்த வருஷம் உள்ளே இறங்கும். வரப்பையும் சுட்டுவிட்டால் தப்பிக்க இடம் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தது. வரப்புகளைப் பார்த்தால் அந்த அறிவிப்பு நம் ஊர்க் கடை வரை வந்து சேர்ந்த மாதிரி தெரியவில்லை.

கொல்லைமேடு குமார்

டூ ஃபோர் டி என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருஷம் பக்கத்து நெல்லுக்கு அடித்தது காற்றில் வந்து என் கத்திரி இலை எல்லாம் சுருண்டு போனது. குருத்து விரல் மாதிரி நீண்டு கோணிக்கொண்டது, பிஞ்சு பிடிக்கவில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். குறியீட்டை வைத்து மருந்துக் காற்றை நிறுத்த முடியவில்லை.

சரி, வரப்போரம் மருந்து வேண்டாம் என்பதற்கு நானும் கை தூக்குகிறேன், கரந்தைக்காக இல்லை, கத்திரிக்காக.

நாட்டுமருந்து நடேசன் (குடியாத்தம்)

கொட்டைக்கரந்தையின் அருமை தெரியாமல் களை, பயிர் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சித்த மருத்துவத்தில் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்கி நிழலில் உலர்த்திச் சூரணம் செய்வார்கள். வடநாட்டில் முண்டி, கோரக்முண்டி என்று இதற்கு நல்ல கிராக்கி. தோல் நோய்க்கும், ரத்தம் சுத்தியாவதற்கும், இன்னும் பலதுக்கும் ஒரு மண்டலம் காலையில்

மட்டுறுத்துநர்

நடேசன் ஐயா, அளவும் அனுபானமும் இங்கே வேண்டாம், விதிமுறை தெரிந்ததே. மீதியை நீக்கியிருக்கிறேன். செடியைப் பற்றித் தொடருங்கள்.

வாலாஜா சுமதி

நடேசன் ஐயா சொன்னதில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குவது. ஒரு வருஷச் செடி, பூக்கும் முன் பிடுங்கினால் விதை ஏது? எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் வியாபாரிகள் வந்து கட்டுக் கட்டாக வாங்கிப் போனார்கள். பிடுங்கிக் கொடுத்த பெண்களுக்குக் கிடைத்தது டீச்செலவு.

நாட்டுமருந்து நடேசன்

வைத்தியன் பிடுங்குவது ஒரு கைப்பிடி அம்மா, லாரி அளவு இல்லை. பழைய வைத்தியர்கள் மூலிகை எடுக்கும்போது ஒரு பகுதியை விட்டுவிட்டு வருவார்கள், அதுதான் முறை. கம்பெனிக்கு மொத்தமாக அனுப்புகிறவனுக்கு முறை ஏது? பயிர் செய்து கொடுத்தால் வாங்கிக்கொள்ள நாங்கள் தயார், ஆனால் கழனியில் சும்மா கிடைப்பதை யார் பயிர் செய்வார்கள்?

குடியாத்தத்துப் பெண் (ஸ்டுட்கார்ட்)

நான் வேலூரில் நர்சிங் படித்துவிட்டு இப்போது ஜெர்மனியில் வேலை செய்கிறேன். பேருந்தில் போகும்போது கோதுமை வயல் ஓரமாக நீலப் பூக்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து, தோட்டத்துக்காக விதைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடன் வேலை செய்பவர்தான் சொன்னார், அது இங்கே பழைய வயல் களை. கரந்தையைப் போலவே சூரியகாந்திக் குடும்பம். களைமருந்தால் குறைந்துபோனதும், வயல் ஓரத்தில் சில மீட்டர் அகலத்துக்கு மருந்தடிக்காமல் விடும் உழவர்களுக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டங்கள் வந்தனவாம்.

இன்னொரு பூ, கார்ன்ராடே என்பார்கள், இளஞ்சிவப்பு கலந்த ஊதா. அது இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. அதன் விதை கிட்டத்தட்டக் கோதுமை மணி பருமன். அறுவடையில் கோதுமையோடு கலந்து, அடுத்த விதைப்பில் கோதுமையோடே வயலுக்குப் போய்விடுமாம். மனிதன் கையாலேயே வருஷா வருஷம் விதைக்கப்பட்ட களை. விதை நஞ்சு என்பதால் மாவில் கலந்தால் ஆபத்து. விதை சுத்தம் செய்யும் இயந்திரம் நன்றாக வந்ததும் அது வயலை விட்டே போய்விட்டது. 2003-ல் அதை அந்த வருஷத்தின் மலர் என்று அறிவித்துக் கவனம் ஈர்த்தார்கள்.

நம் ஊரிலும் விதைநெல் சுத்தமாக வருவதுதான் காரணமாக இருக்குமோ?

ஏரிக்கரை மாறன்

இல்லை தங்கச்சி, இரண்டும் அங்கேதான் பிரிகிறது. கரந்தை விதை தூசு மாதிரி. அறுக்கும்போது அது பூக்கக்கூட ஆரம்பித்திருக்காது. நெல்லோடு வீட்டுக்கு வந்ததே இல்லை, விதைநெல்லோடு திரும்பிப் போனதும் இல்லை. உங்கள் கோதுமைப் பூ பயிரோடு சேர்ந்து வாழ்ந்தது, பயிரைச் சுத்தம் செய்ததும் போனது. இது பயிர் இல்லாத நாட்களில் வாழ்ந்தது, அந்த நாட்களைப் பறித்ததும் போகிறது. அதனால் அங்கே போல ஓரத்தில் ஒரு பட்டை விட்டால் மட்டும் போதாது. தை முதல் சித்திரை வரை உழாமல் கிடக்கும் நிலம் வேண்டும்.

ஆனால் மருந்தடிக்காத ஓரத்துக்கு அரசு பணம் கொடுக்கிறது என்பதைக் குமார் படிக்கட்டும்.

கொல்லைமேடு குமார்

படித்தேன். ஜெர்மனியில் எந்த ஊரில் நிலம் வாங்கலாம் என்று யோசிக்கிறேன்.

காவேரிப்பாக்கத்தான்

கழனியை மட்டும் பேசுகிறீர்கள், ஏரி உள்வாயையும் கணக்கில் எடுங்கள். காவேரிப்பாக்கம் பல்லவர் காலத்துப் பெரிய ஏரி, அதைச் சுற்றிச் சின்ன ஏரிகள் நிறைய. தண்ணீர் பின்வாங்கும்போது ஓரத்துச் சேற்றில் கரந்தை வரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் எங்கள் ஊர் ஏரி நிறைந்து கோடையிலும் தரை தெரியவில்லை, பூவும் இல்லை. பிறகு தண்ணீர் வடிந்தபோது நீர்முள்ளியோடு சேர்ந்து வந்தது. அதனால் தண்ணீர் வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வரவும் வேண்டும், போகவும் வேண்டும்.

ஆனால் இப்போது வடிந்த இடத்தை வேலிக்காத்தான் (சீமைக் கருவேலம்) பிடித்துக்கொள்கிறது. அதன் அடியில் எதுவும் வராது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது.

மடைத்தலைப்பு

வண்டல் ஞாபகம் வருகிறது. கோடையில் ஏரி காய்ந்ததும் வண்டி கட்டிக்கொண்டு போய் உள்வாய் வண்டலை எடுத்துக் கழனியில் கொட்டுவோம், அதுதான் எங்களுக்கு எரு. கரந்தை உதிர்ந்த மண்ணும் அதில் சேர்ந்துதானே வந்திருக்கும்? கழனியில் ஒரு வருஷம் தவறினாலும் ஏரியிலிருந்து வந்துகொண்டே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. வாத்தியாரம்மா சரியா என்று சொல்லட்டும்.

இலைநரம்பு

ஆராய்ந்து பார்த்ததாகச் சொல்ல மாட்டேன் ஐயா, ஆனால் முறை சரியாகப் பொருந்துகிறது. குடை இல்லாத விதை, வண்டலில் உறங்கி, வண்டியேறி மேட்டுக் கழனி வரை போயிருக்க முடியும். தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது, வண்டி ஏறும். மாறன் ஊரில் மேட்டுக் கழனிகளில் முதலில் காணாமல் போனதற்கும் இது ஒத்துவருகிறது.

2017-ல் குடிமராமத்து, அதாவது ஊரார் சேர்ந்து ஏரி, வாய்க்காலைச் சீரமைக்கும் வேலை, மறுபடி தொடங்கியபோது விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அது கழனிக்குப் போனால் நல்லது. செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவு மேடாக்கவும் போனால் விதையும் அதோடு போகிறது.

நடுகல் தேடி (செங்கம்)

இத்தனை பேசிவிட்டு ஆநிரையைச் சொல்லாமல் விட்டால் எப்படி? வெட்சி சூடி மாடு கவர்வார்கள், கரந்தை சூடி மீட்பார்கள். செங்கம் சுற்று வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் எத்தனை இருக்கின்றன தெரியுமா? தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆம்பூரிலும் அப்படி உண்டு. மாடு மீட்கச் செத்தவர்கள் ஊர் இது. அந்தப் பூ இந்த மண்ணில் இல்லாமல் போவது அவமானம்.

இலைநரம்பு

நடுகற்கள் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் இலக்கியத்தில் வரும் கரந்தை எந்தச் செடி என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. கொட்டைக்கரந்தை என்பார்கள் சிலர், திருநீற்றுப் பச்சை என்பார்கள் சிலர். இரண்டும் மணக்கும், இரண்டும் ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கும். அதை வைத்து உணர்ச்சிவசப்பட வேண்டாம். இலக்கியத்தில் இல்லாத செடிக்கும் இருக்க உரிமை உண்டு.

நடுகல் தேடி

திருநீற்றுப் பச்சை தோட்டத்துச் செடி. அவசரமாக மாட்டை விரட்டிப் போகிறவன் மேய்ச்சல் தரையில் காலடியில் கிடைத்ததைத்தான் பறித்துச் சூடுவான். நான் கொட்டைக்கரந்தைக் கட்சி. இதற்கு மேல் இங்கே வாதாடவில்லை, தனி இழை திறக்கிறேன்.

மாடித்தோட்டம் நித்யா (சத்துவாச்சாரி)

விதை கிடைக்குமா? தொட்டியில் வளர்த்துப் பார்க்க ஆசை. ஆளுக்குப் பத்துத் தொட்டி வைத்தால் அழியாமல் காப்பாற்றிவிடலாமே?

இலைநரம்பு

வளர்க்கலாம், தப்பில்லை. காய்ந்து பழுப்பான உருண்டைகளில் ஒன்றிரண்டை உதிர்த்து எடுங்கள், செடியைப் பிடுங்காதீர்கள். தோட்டக்கடை மண் வேண்டாம், களிமண் கலந்த வண்டல். முதலில் சேறாக நனைத்து வைத்து, தூவி, மூடாமல் விட்டு, முளைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குறையுங்கள். மார்கழி குளிரில் போடுங்கள். நாள்தோறும் பூவாளியில் ஊற்றினால் அழுகிவிடும்.

ஆனால் தொட்டியில் இருப்பது காப்பாற்றப்பட்டது ஆகாது. ஒரு வருஷச் செடி, ஒரு கோடையில் நீங்கள் ஊருக்குப் போனால் முடிந்தது. கழனியில் இருக்கும் வரைதான் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

காவேரிப்பாக்கத்தான்

ஊராட்சிக்கு ஊராட்சி பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று சட்டப்படி ஒன்று இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் எழுத வேண்டும். 2002 சட்டம். எங்கள் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். புலி இல்லை, யானை இல்லை, வேம்பு உண்டு, அரசு உண்டு என்று எழுதியிருக்கிறது. கழனிச் செடி ஒன்றுகூட இல்லை. கரந்தை எந்த மதகடியில் இருக்கிறது என்று அதில் ஏற்ற முடிந்தால் வண்டல் எடுக்க அனுமதி கொடுக்கும்போதாவது ஒரு கேள்வி கேட்கலாம்.

கொல்லைமேடு குமார்

பதிவேட்டில் ஏற்றி, அதைப் படித்துவிட்டு வியாபாரி நேராக மதகடிக்கு வந்துவிட்டால்?

காவேரிப்பாக்கத்தான்

அதுவும் சரிதான். ஏரியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம், எந்த மதகு என்று வேண்டாம்.

ஏரிக்கரை மாறன்

நவரை வைக்காதே என்று யாரிடமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை, போர்வெல் வைத்திருப்பவனுக்கு அது சோறு. நான் கேட்பது ரொம்பச் சின்னது. எப்படியும் வண்டி இறங்காத பள்ளம், எப்படியும் நடாத மூலை ஒவ்வொரு ஏரிக்குக் கீழும் இருக்கும். அதை மட்டும் சித்திரை வரை கொத்தாமல், எரிக்காமல், மருந்து தெளிக்காமல் விட வேண்டும். பொங்கல் கழிந்து தாளுக்குத் தீ வைக்கும் பழக்கம் அந்த மூலையிலாவது வேண்டாம்.

மடைத்தலைப்பு

என் கழனியில் அப்படி ஒரு மூலை இருக்கிறது, அரைக் காணிக்குக் குறைவு. அதை நிரவி நட வேண்டும் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பேத்தியும் என் பக்கம்.

கொல்லைமேடு குமார்

ஐயா, உங்கள் மூலையில் பூத்தால் காய்ந்த உருண்டை நாலு எனக்கும் எடுத்து வையுங்கள். கிணற்றடி நெல்லில் வாய்க்கால் வழிந்து நிற்கிற ஒரு இடம் இருக்கிறது, போட்டுப் பார்க்கிறேன். கத்திரிப் பக்கம் வந்தால் பிடுங்குவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

மடைத்தலைப்பு

பங்குனி கடைசியில் வாருங்கள், அதற்கு முன் வந்தால் பச்சையாக இருக்கும். திமிரி சாலையில் இறங்கிப் போன் செய்தால் பேத்தி வழி சொல்வாள். நடேசனைக் கூட்டி வர வேண்டாம்.

நாட்டுமருந்து நடேசன்

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா.